மேடு பள்ளம் ஓடும் வண்டிக்கு மாற்று ரயர்

வண்டியின் விலை இலட்சக் கணக்கில் இருக்கலாம். அதன் இயந்திரமும் யானைப் பலம் கொண்டதாய் இருக்கலாம். ஆயினும் அந்த வண்டி நிலத்தைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோரிடமும் விரித்த கையளவு, அவ்வளவே. ஏறுவதும் இறங்குவதும், திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு திட்டுக்களின் தயவினாலேயே நிகழ்கின்றன. ஜீப், லாண்ட் றோவர் முதலிய, பாதை உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஓடவல்ல வண்டிகளை வைத்திருப்போர், தேய்ந்த ரயரைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கப் புறப்படும்பொழுது இதனை மறந்துவிடுகின்றனர். கடையில் அடுக்கி வைத்திருக்கும் ரயர்களுள் எது முரட்டுத் தோற்றம் உடையதோ அதனையே கைகாட்டுகின்றனர். முரட்டு நிலத்துக்கு முரட்டு முகம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் முழுப் பொய்யன்று. முழு மெய்யும் அன்று.

இலங்கையில் இந்த விடயம் சென்ற சில ஆண்டுகளில் கூடிய கவனம் பெறலாயிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும், பழைய வண்டி உடையோர் அதனையே பேணி ஓட்ட வேண்டியவராயினர். பேணுதல் என்பதில் இயந்திரத்துக்கு அடுத்துப் பெருஞ் செலவு வைப்பது ரயர். நான்கும் ஒருங்கே மாற்றுவதாயின், ஒரு போகத்து வருமானத்தில் நல்ல பங்கு அதற்கே போய்விடும். தவறாகத் தேர்ந்தால் காசு மட்டுமன்றி உயிரும் போகக்கூடும் என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது.

வடபகுதியின் நிலத்தை முதலில் பார்க்கலாம். வடமராட்சி கிழக்கிலே மணற்காடு என்னும் ஊர் பெயருக்கு ஏற்ற ஊர். அங்கே மணற் குன்றுகள் உண்டு. மணலிற் பாதி புதைந்த பழைய தேவாலயமும் உண்டு. அங்கிருந்து மேற்கே வந்தால் யாழ்ப்பாணத்துச் செம்மண். அதன் அடியிலே சுண்ணக்கல். ஒழுங்கைகளிற் கத்தி போன்ற கல் முனைகள். வன்னிக்குள் இறங்கினால் கோடையில் கல்லெனக் காய்ந்தும் மாரியிற் குழைந்தும் கிடக்கும் செங்கபில மண். காட்டு வழியில் வெட்டிவிட்ட மரக் கட்டைகளும் முள்ளும். மன்னார்ப் பகுதியிலே முருங்கனை அடைந்தாலோ நிலம் முற்றாக மாறிவிடும். அங்குள்ள கருங் களிமண் மழை கண்டால் வீங்கும். வெயில் கண்டால் வெடிக்கும். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அதற்கு வேண்டிய களிமண் இம்முருங்கனிலிருந்தே எடுக்கப்பட்டது. காலிலே பட்டால் செருப்பையும் கழற்றிக்கொள்ளும் பசை அது.

ஒரே மாகாணத்தில் இத்தனை தரைகள். இவை அனைத்துக்கும் பொருந்திய ஒரே ரயர் உலகில் எங்கும் செய்யப்படவில்லை. கடைக்காரர் எத்தரைக்கும் ஏற்றது என்று சொல்லும் ரயர், உண்மையில் எத்தரையிலும் ஒருவாறு சமாளிக்கும் ரயரே. ஆதலால், "எது நல்ல ரயர்?" என்று கேட்டு விடை காண இயலாது. "இந்த வண்டி ஆண்டின் பெரும் பகுதியை எங்கே கழிக்கிறது?" என்று கேட்டால் விடை கிடைக்கும்.

முருங்கனிலே பழைய லாண்ட் றோவர் ஒன்று வைத்திருக்கும் கமக்காரர் ஒருவரை மனத்தில் கொள்ளலாம். அவரைக் கேட்டால், "என்னுடைய வண்டி வயலுக்கும் குளக்கட்டுக்கும் போவது" என்றே சொல்வார். வண்டியின் ஓட்டத்தை ஒரு மாதம் கணக்கெடுத்துப் பார்த்தால் வேறொரு கதை வெளிப்படும். மன்னார்ப் பட்டினத்துக்கு இருமுறை, வவுனியாவுக்கு உரம் ஏற்ற ஒருமுறை, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்க நாள்தோறும், இவை யாவும் தார் வீதியில். வயலுக்குப் போனது வாரத்துக்கு இரண்டு நாள். அதுவும் கிரவல் பாதை முடியும் வரையில். உண்மையான சேற்றில் அவ்வண்டி இறங்குவது வடகீழ்ப் பருவ மழை பெய்யும் இரண்டொரு மாதங்களில் மட்டுமே. அந்த இரண்டு மாதங்களுக்காகச் சேற்று ரயர் போட்டவர், மீதிப் பத்து மாதங்களும் அதற்கு அபராதம் செலுத்துகிறார்.

அந்த அபராதம் யாது? சேற்று ரயரின் இறப்பர்க் கட்டைகள் பெரியவை. அவற்றுக்கு இடையில் அகன்ற பள்ளங்கள். சில்லு விரைந்து சுழலும்பொழுது பள்ளத்திற் சிக்கிய சேற்றை வெளியே வீசிவிட்டு, அடுத்த சுற்றில் புதிதாய் நிலத்தைக் கௌவும். சேற்றில் இது பெரிய நன்மை. தார் வீதியிலோ, பள்ளங்கள் அகன்றிருப்பதால் வீதியைத் தொடும் இறப்பர் குறைகிறது. மழையில் நனைந்த தாரில் பிறேக் அழுத்தினால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடுகிறது. ரயர் விரைவிலே தேய்கிறது. எண்ணெய்ச் செலவு ஏறுகிறது. இரைச்சலால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதும் காதில் விழுவதில்லை. மணலிலும் அதற்கு மதிப்பில்லை: சில்லு சற்றுச் சுழன்றதும் அந்தக் கட்டைகள் மண்வெட்டிபோல் மணலைத் தோண்டி, வண்டியைத் தன் குழியில் தானே இறக்கிவிடும்.

இதற்கு எதிர்ப்புறம், நெருங்கிய சிறு வெட்டுக்கள் கொண்ட வீதி ரயர். அது தாரில் இனிதாய் ஓடும்; களிமண்ணைக் கண்டால் ஒரே சுற்றிற் பள்ளங்கள் அடைபட்டு மொட்டையாகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது ஏ.ரி. என்ற எழுத்துக்களைத் தாங்கி வரும் பொது ரயர். எச்.ரி. என்பது வீதிக்கு, எம்.ரி. என்பது சேற்றுக்கு. முருங்கன் கமக்காரருக்கு நடுவில் உள்ளதே போதும். முருங்கன் களி நன்றாக ஊறிய நாளில் எம்.ரி. ரயரும் அரைச் சுற்றில் உருண்டையாய் அப்பிக்கொள்ளும். அத்தகைய நாளில் ஊர்ப் பெரியவர்கள் வண்டியை எடுக்காமல் ஒருநாள் வெயிலுக்குக் காத்திருப்பார்கள். அந்தப் பொறுமைக்கு நிகரான ரயரை எந்தக் கம்பனியும் விற்பதில்லை.

இனி, ரயரைக் காட்டிலும் ரயருக்குள் இருக்கும் காற்றைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. வண்டியைத் தாங்குவது இறப்பர் என்றே பலரும் எண்ணுவர். தாங்குவது பெரும்பாலும் காற்று. பாரத்தோடு 2,000 கிலோகிராம், அஃதாவது ஏறத்தாழ 4,400 இறாத்தல் எடையுள்ள வண்டியை எடுத்துக்கொள்க. ரயர்களில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அழுத்தம் இருக்கிறது. 4,400ஐ 30ஆல் வகுத்தால் ஏறத்தாழ 147 வரும். அத்தனை சதுர அங்குலமே நிலத்தைத் தொட்டு நிற்கும் மொத்தப் பரப்பு. நான்கு சில்லுகளுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 37; ஆறு அங்குலம் நீளம், ஆறு அங்குலம் அகலம். அழுத்தத்தை 15 இறாத்தலாகக் குறைத்தால் அந்தப் பரப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். பக்கச் சுவரின் விறைப்பு சிறிது தாங்குவதால் கணக்கு இம்மி பிசகலாம், அடிப்படை அதுவே.

இதிலிருந்து விளங்கும் செய்தி வியப்பானது. அகன்ற ரயர் வாங்கினால் பிடிமானம் கூடும் என்று பலர் பெரும் பணம் செலவிடுகின்றனர். அழுத்தம் மாறாதிருந்தால், அகன்ற ரயரின் தொடுபரப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வடிவம் மட்டுமே மாறுகிறது. மணலிலே மிதக்க வேண்டிய பரப்பு, காற்றைச் சற்று வெளியே விட்டாலே செலவின்றிக் கிடைக்கிறது. மேலே ஓரங்குலக் குழைசேறும் கீழே உறுதியான தரையும் உள்ள வயல் வரம்புப் பாதையில், ஒடுங்கிய ரயர் சேற்றைப் பிளந்துகொண்டு அடித்தரையைத் தொட்டுவிடும். அகன்றது மேலே வழுக்கிக்கொண்டு நிற்கும். பழைய லாண்ட் றோவர்கள் ஒடுங்கிய ரயருடன் வந்தமை சிக்கனத்துக்காக மட்டுமன்று.

காற்றை விடும் கலையைப் பாலைவனத்திலே பயின்று பெயர் பெற்றவர் ரால்ஃப் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1920களில் எகிப்திற் பணியாற்றியபொழுது, விடுமுறைகளிலே நண்பருடன் சாதாரண போட் கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் புகுந்தார். கார் ஏறவே முடியாது என்று கருதப்பட்ட மணற் குன்றுகளைக் காற்றுக் குறைத்த ரயர்களின் துணையாலே கடந்தார். புதைந்த சில்லுக்கு அடியில் இடுவதற்கு இரும்புத் தகடுகளையும் கொண்டு சென்றார். 1940இல் நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவை அமைத்தவரும் அவரே. காற்று மணலை எவ்வாறு நகர்த்துகிறது என்பது பற்றி 1941இல் அவர் வெளியிட்ட நூல், பிற்காலத்தில் மணற் குன்று ஆராய்ச்சிக்கே அடிப்படை நூலாயிற்று. ரயருக்குக் காற்று விட்டவர் விஞ்ஞானியாகவும் முடிந்த கதை இது.

காற்றைக் குறைப்பவர் மூன்றினை மறக்கலாகாது. மணலை விட்டு வெளியேறியதும் மீண்டும் நிரப்ப வேண்டும். ஆகவே காற்றழுத்தமானியும் பம்பும் வண்டியிலே இருத்தல் வேண்டும். 12 இறாத்தலுக்குக் கீழே போனால், சுக்கானை வேகமாய்த் திருப்பும்பொழுது ரயரின் விளிம்பு றிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்றுக் குறைந்த ரயரின் பக்கச் சுவர் வெளியே பிதுங்குமாதலால், காட்டுப் பாதையிலே வெட்டிய கட்டையின் முனை அதனை எளிதிற் கிழித்துவிடும். பக்கச் சுவரிற் கிழிந்த ரயரை ஒட்டி ஓடுதல் கூடாது. அது அத்தோடு முடிந்தது. ஆதலால் மணற்காட்டுக்குக் காற்றைக் குறை; வன்னிக் காட்டுக்குக் குறைக்காதே.

காற்றுக் குறைந்த நிலையில் வேகமாய் ஓடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடிந்து நிமிர்கிறது. மடிதலால் சூடு பிறக்கிறது. சூட்டினால் உள்ளே இருக்கும் அடுக்குகளின் பிணைப்புத் தளர்கிறது. அமெரிக்காவிலே 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் பயர்ஸ்ரோன் நிறுவனம் ஏறத்தாழ 65 இலட்சம் ரயர்களைத் திருப்பி அழைத்தமை பலருக்கு நினைவிருக்கலாம். அவற்றுட் பெரும்பாலானவை போட் எக்ஸ்புளோறர் என்னும் உயர்ந்த வண்டிகளிலே பூட்டப்பட்டவை. வெயில் மிகுந்த மாநிலங்களின் பெருந்தெருக்களில், வேகமாய் ஓடுகையில் ரயரின் மேற்றோல் உரிந்து பறந்தது, வண்டிகள் உருண்டன. இந்த விபத்துக்களோடு 271 மரணங்களை அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிருவாகம் தொடர்புபடுத்தியது. ரயரின் அமைப்பிற் குறை இருந்ததென விசாரணை கண்டது. வண்டி செய்தவர் விதித்த 26 இறாத்தல் அழுத்தம் மிகக் குறைவென ரயர் செய்தவர் வாதிட்டார். வழக்கு நெடிது நடந்தது. சூடும் வேகமும் பாரமும் ஒன்று சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. வவுனியாவிலிருந்து நண்பகலில் உர மூடைகளோடு திரும்பும் வண்டிக்கும் சூடு, வேகம், பாரம் என்னும் இம்மூன்றும் உண்டு.

காற்று இவ்வளவு தொல்லை தருமாயின், காற்றே இல்லாத திண்ம ரயரைப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பாரும் உளர். இந்தக் கேள்வியை இலங்கையர் கேட்பதில் நியாயமும் உண்டு. 1876இலே கம்பகாவுக்கு அருகில் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட நாடு இது. இன்று திண்ம ரயர்களை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளுள் ஒன்றும் இதுவே. அந்தத் திண்ம ரயர்கள் துறைமுகத்திலும் பண்டகசாலையிலும் மெதுவாய் ஊர்ந்து பாரந் தூக்கும் இயந்திரங்களுக்கு உரியவை. வீதியில் வேகமாய் ஓடினால் அவற்றின் உட்சூடு வெளியேற வழியில்லை. ஓட்டுபவரின் முதுகெலும்புக்கும் நல்லதன்று.

அளவு பார்த்தலில் பெரும்பாலோர் இடறுவது எழுத்துக்களின் குழப்பத்தாலே. பழைய முறையில் 7.50-16 என்றிருந்தால், ரயரின் அகலம் ஏழரை அங்குலம், றிம்மின் விட்டம் 16 அங்குலம். புதிய முறையில் 235/85 ஆர் 16 என்றிருந்தால், அகலம் 235 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 85. ஆர் என்பது உள்நார்கள் குறுக்கே ஆரை போல் ஓடும் ரேடியல் வகை. றிம் அதே 16. கணக்கிட்டால் இதன் முழு உயரம் ஏறத்தாழ 806 மில்லிமீற்றர். பழைய 7.50-16க்கும் கிட்டத்தட்ட அதே உயரமாதலால் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாய் நிற்கும். ஆனால் 6.00-16 போட்டு வந்த சிறிய ஜீப்புக்கு, அதன் உயரமோ சுமார் 735 மில்லிமீற்றர், வீரத் தோற்றத்துக்காக இந்த 806ஐப் பூட்டினால் சில்லு நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பங்கு பெருத்துவிடும். வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66இல் ஓடும். இழுவை குறையும், முழுதாய்த் திருப்பினால் ரயர் சேறு காப்பில் உரசும். உயர்ந்து நிற்பதற்காக வாங்கிய ரயராலே மேடு ஏற முடியாமற் போவது வேடிக்கை.

அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் பாரத்துக்கு உரியது: 100 என்றால் ஒரு ரயர் 800 கிலோகிராம் தாங்கும், 112 என்றால் 1,120, 120 என்றால் 1,400. எழுத்து வேகத்துக்கு உரியது: கியூ என்பது மணிக்கு 160 கிலோமீற்றர். உர மூடை ஏற்றுபவர் பார்க்க வேண்டியது எழுத்தையன்று, எண்ணை. வண்டி செய்தவர் விதித்த எண்ணுக்குக் குறைந்ததை எந்த விலைக்கும் வாங்கலாகாது.

பின்னர் பிறந்த நாள். ஆம், ரயருக்கும் சாதகம் உண்டு. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திலே பிறந்த ரயர். மூன்று இலக்கங்களே இருந்தால் அது 2000க்கு முந்தியது. அதனைத் தொடவே வேண்டியதில்லை. இறப்பர் ஓடினாலும் மூப்படையும்; ஓடாது தட்டிலே கிடந்தாலும் மூப்படையும். ஐந்து ஆண்டு கடந்ததை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்தாண்டு நிரம்பியதை எத்துணைப் புதிதாய்த் தோன்றினும் கழற்றிவிட வேண்டும் என்பது ரயர் செய்வோரே கூறும் விதி. கடை மூலையிலிருந்து தூசி தட்டி எடுத்து, கறுப்பு மை பூசி, "மலிவு" என்று நீட்டப்படும் ரயரை, குனிந்து இலக்கம் பார்க்காமல் வாங்குபவர் மலிவு விலைக்குத் துன்பத்தையும் வாங்கிச் செல்லக்கூடும். பழைய உடலின்மேற் புதிய தோல் ஒட்டிய றீபில்ட் ரயருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தோல் புதிது, உடலின் வயதைக் கேட்க வேண்டும். லொறியின் பின்சில்லுக்கு நல்ல தொழிற்சாலை செய்தது பயன்படலாம். ஜீப்பின் முன்சில்லுக்குத் தவிர்ப்பதே நன்று.

கையிலே பணம் இரண்டு ரயருக்கே போதுமாயின் என்ன செய்வது? சாதாரணக் காருக்கு இரண்டு போதும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டிக்கு அது அவ்வளவு எளிதன்று. பழைய ஜீப்புகளிலும் ஆரம்பகால லாண்ட் றோவர்களிலும், நான்கு சில்லு இழுவையைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்திற் பிணைக்கப்பட்டுவிடும். முன்னே தேய்ந்தது, பின்னே புதியது என்று உயரம் மாறுபட்டால், ஒன்று மற்றொன்றை இழுத்துப் பிடிக்கும். அந்த முறுக்கு முழுவதும் கியர்ப் பற்களிலே போய் விழும். சேற்றிலே சில்லு சற்று வழுக்கி முறுக்கைத் தணித்துவிடும்; தாரிலே தணிக்க வழியில்லை. ஆகையால் நான்கையும் ஒருங்கே மாற்றுவது, இயலுமாயின் மாற்றுச் சில்லையும் சேர்த்து ஐந்தாக மாற்றுவதே முறை. இயலாதவர், வண்டியைச் சில மாதங்கள் இரு சில்லு இழுவையில் மட்டும் ஓட்டிக்கொண்டு மற்றையதற்குச் சேமிக்கலாம். ஒரே அச்சிலே ஒருபுறம் ரேடியலும் மறுபுறம் பழைய வகையும் பூட்டுதல் எந்நிலையிலும் ஆகாது.

மேலைநாடுகளில் ஆட்டுப் பண்ணைகளிலும் காட்டுப் பாதைகளிலும் ஓடும், குதிரைமேல் ஏறுவதுபோல் ஏறி அமரும் நாற்சில்லு வண்டிகள் இந்நாட்டிலும் ஆங்காங்கே தென்படுகின்றன. இவ்வகை வண்டிகளின் முன்னோடிகளுள் ஒன்று 1970இலே ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்ற முச்சில்லு வண்டி. பலூன் போன்ற பருத்த ரயர்களே அதன் சிறப்பு. இவற்றின் ரயர்களில் அழுத்தம் ஐந்து இறாத்தல் அளவே. ஐந்தில் ஓர் இறாத்தல் தவறினால் ஐந்திலொரு பங்கு தவறிவிடும். காரின் அழுத்தமானியால் அதனைச் சரியாய் அளத்தல் அரிது. குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள மானி தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனையவற்றில் ஜீப்புக்குச் சொன்னதே இதற்கும்.

முருங்கன் கமக்காரர் இப்பொழுது கடையிலே நிற்கிறார். 7.50-16க்கு நிகரான ஒடுங்கிய அளவில், நடுத்தர வெட்டுக் கொண்ட ஏ.ரி. ரயர் நான்கு, இலக்கம் பார்த்தாயிற்று, பார எண்ணும் பொருந்துகிறது. அவருடைய வண்டியின் றிம் ஆணி அறைந்து இணைத்த பழைய வகை. ரியூப் இல்லா ரயரை அதில் இட்டால் ஆணித் துவாரங்களால் காற்றுக் கசியும். ஆதலால் அந்த அளவுக்கே உரிய புதிய ரியூப்களும் சேர்த்து வாங்குகிறார். பழைய ரியூப்பையே ஒட்டிப் போடலாம் என்று கடைப் பையன் சொன்னதை அவர் கேட்கவில்லை. பக்கச் சுவரில் ஓர் அம்புக்குறி இருக்கிறது. சில்லு முன்னோக்கிச் சுழலும் திசைக்கு அது பொருந்துகிறதா என்று நின்று பார்த்துக்கொள்கிறார். நட்டுக்களைக் கோணலாய் எதிர் எதிராக இறுக்குவித்து, 80 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை ஸ்பானர் போட வேண்டுமென்று மனத்தில் முடிந்துகொள்கிறார். கழற்றிய நான்கில் தேய்வு குறைந்த ஒன்றை மாற்றுச் சில்லாகப் பின்னே ஏற்றியாயிற்று. எஞ்சிய மூன்றும் கடை வாசலில் சாய்ந்து கிடக்கின்றன. மழைநீர் தேங்கி நுளம்பு பெருகாதபடி அவற்றிலே துளையிட்டு வைக்குமாறு கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் வண்டியை மெதுவாகவே வீதியிலே இறக்குகிறார். புதிய ரயரின் மேற்பரப்பில் அச்சு எண்ணெயின் வழுக்கல் இன்னும் இருக்கும். முதற் சில நூறு கிலோமீற்றரும் அவ்வாறே நிதானமாய் ஓட்ட வேண்டும்.